ஊக்கம் பிறக்கும்வரை காத்திருத்தல்

உடற்பயிற்சி உடலுக்கு நன்மை தருவது என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. மறுப்பவர் இல்லாதபோதும் நாள்தோறும் செய்பவர் சிலரே. ஆகவே, "ஏன் செய்யவேண்டும்?" என்பதன்று நம்முன் உள்ள வினா, "அறிந்திருந்தும் ஏன் செய்யாதிருக்கின்றோம்?" என்பதே.

இவ்வினாவிற்குப் பலரும் கூறும் விடை ஒன்றுண்டு. "மனத்தில் ஊக்கம் பிறக்கவில்லை" என்பர். ஊக்கம் முதலிற் பிறக்கும், செயல் அதன்பின் வரும் என்னும் எண்ணம் இவ்விடையில் அடங்கியிருக்கின்றது. அது பொருந்துமா என்று சிறிது ஆராய்வோம்.

நம் பாடசாலைகளில் ஆண்டுதோறும் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடைபெறும். அதற்கு முன்னைய வாரங்களில் மைதானம் பிள்ளைகளால் நிறைந்திருக்கும். வெற்றிக்கிண்ணம் வழங்கப்பட்ட மறுவாரமோ, ஓடியவர்களிற் பெரும்பாலோர் ஓட்டத்தை மறந்துவிடுவர். பரிசிலால் எழுந்த ஊக்கம் பரிசிலோடு அடங்கிவிடுகின்றது.

வளர்ந்தோர் நிலையும் இதுவே. குருதியிற் சீனி கூடியுள்ளதென வைத்தியர் கூறிய மறுநாள் புதிய சப்பாத்து வாங்குகின்றோம். பத்து நாள் நடக்கின்றோம். அச்சம் தணிந்ததும் சப்பாத்து கதவின் மூலையில் தூசி படிந்து கிடக்கின்றது. பிறரை மட்டும் குறித்து இதனைச் சொல்லவில்லை. என் வீட்டுக் கதவருகிலும் அத்தகைய சப்பாத்து கிடந்ததுண்டு. பரிசிலும் அச்சமும் நம்மைத் தொடங்கச் செய்யும், தொடரச் செய்யமாட்டா.

அவ்வாறாயின் தொடரச் செய்வது யாது? 1953ஆம் ஆண்டில் ஜெரி மொரிஸ் என்னும் மருத்துவ அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் இலண்டன் மாநகர பஸ் ஊழியரை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். சாரதி நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துனரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக இரட்டைத் தட்டு பஸ்ஸின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். சாரதிகளைவிட நடத்துனரிடையே இருதய நோய் குறைவாகவே காணப்பட்டது. இரு திறத்தாரின் உடல் அளவிலும் தொடக்கத்திலேயே வேறுபாடு இருந்தமை பின்னர் தெரியவந்தது. எனினும், உடலுழைப்பு இருதயத்தைக் காக்கும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் பலவும் உறுதிப்படுத்தியுள்ளன.

இங்கே நாம் கருதவேண்டியது வேறொன்று. அந்த நடத்துனர் ஊக்கத்தினாற் படி ஏறினாரல்லர். ஏறுவதா வேண்டாமா என்று காலைதோறும் தம் மனத்தைக் கேட்டுக்கொண்டாருமல்லர். அவருடைய நாளின் அமைப்பே அவரைப் படியேறச் செய்தது.

நம் நாளையும் நாம் அவ்வாறு அமைத்துக்கொள்ளலாம். முன்னமே நாள்தோறும் தவறாது செய்யும் செயலொன்றைத் தெரிந்து, அதன் பின்னே பயிற்சியைக் கட்டிவிடுதல் வேண்டும். காலைத் தேநீர் அருந்தியதும் ஒழுங்கையின் முடிவுவரை நடந்து திரும்பலாம். மாலையில் ஒரு தரிப்பிடம் முன்னரே பஸ்ஸை விட்டிறங்கி நடக்கலாம். மாரிகாலத்தில் விறாந்தை போதும். தொடக்கத்திற் பத்து நிமிடமே நடந்தாலும் இழுக்கில்லை. வாரத்தில் 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறியது. அது ஐந்து நாட்களில் முப்பது நிமிடமாகும். ஒன்றும் செய்யாதிருப்பதிலும் சிறிது செய்தல் நன்று என்பதையும் அந்நிறுவனம் வலியுறுத்தியது. நெஞ்சு நோவோ கடும் இளைப்போ உள்ளவர் வைத்தியரைக் கேட்டபின் தொடங்குதல் வேண்டும்.

இவ்வாறு கட்டிய பழக்கம் எத்தனை நாளில் வேரூன்றும்? இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர் 96 பேரைக்கொண்டு இதனை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டனர். நடுத்தர அளவு 66 நாள் எனக் கண்டனர். ஆயின், ஒருவருக்கு 18 நாள் போதியதாயிருக்க, வேறொருவருக்கு 254 நாள் வேண்டுமெனக் கணிக்கப்பட்டது. ஆகவே, அயலவரின் வேகத்தைக் கண்டு நாம் மனந்தளர வேண்டியதில்லை. இடையில் ஒரு நாள் தவறியதனாற் பழக்கம் குலைந்துவிடவில்லை என்பதும் அவ்வாய்விற் கண்டதே. நம்மிற் பலர் தோற்பது இவ்விடத்திலேதான். ஒரு நாள் தவறியதும், "எல்லாம் போயிற்று" என்று கைவிட்டுவிடுகின்றோம். தவறிய நாளுக்காக வருந்துவதினும் மறுநாள் அதே நேரத்திற் புறப்படுவதே செய்யத்தக்கது.

சில வாரங்கள் சென்றபின் படியேறும்போது மூச்சு வாங்காதிருப்பதை உணர்வோம். இரவில் நன்கு உறங்குவோம். நாம் காத்திருந்த ஊக்கம் அப்போதுதான் வந்து சேரும். அது செயலுக்கு முன் வருவதன்று, செயலின் பின்னே வருவது.

பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை. கிண்ணம் வென்ற பிள்ளையைப் பாராட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். போட்டி முடிந்த மறுவாரமும் மைதானத்திற்கு வரும் பிள்ளையை, அவன் கடைசியாக ஓடியவனாயினும், அழைத்து ஒரு நல்ல சொற் கூறுங்கள். ஐம்பது வயதில் அவனுக்கு உதவப்போவது அந்தப் பழக்கமே.