கால்சியம் ஏற்றியும் வலிப்பு நிற்கவில்லையா?

'சோடியம் பரவாயில்லை... பொட்டாசியம் கம்மி... கால்சியமும் கம்மி...' ஐ.சி.யூ.வில் இருக்கும் குழந்தையைப் பற்றி டாக்டர்கள் இப்படிப் பேசிக்கொள்வதைச் சிலர் கேட்டிருப்பீர்கள். இந்தப் பட்டியலில் பல சமயம் விட்டுப்போகிற பெயர் ஒன்று உண்டு. அதுதான் மெக்னீசியம்!

அப்படி என்ன பெரிய வேலை அதற்கு?

உடலில் 300-க்கும் மேற்பட்ட என்சைம்கள் இயங்க மெக்னீசியம் வேண்டும். இதயம் தாளம் தப்பாமல் துடிக்கவும், இறுகிய தசை தளரவும், நரம்புகள் படபடக்காமல் இருக்கவும் அதன் தயவு தேவை.

எதனால் குறைகிறது?

நாள்கணக்கில் போகும் பேதி, சத்துக்குறைவு, வாய்வழி ஆகாரமே இல்லாமல் வெறும் குளுக்கோஸ், சலைன் டிரிப்ஸில் இருப்பது... இவையெல்லாம் காரணங்கள். நீர் பிரியக் கொடுக்கும் ஃப்ரூஸெமைடு, ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற மருந்துகளும் சிறுநீர் வழியே மெக்னீசியத்தை வெளியேற்றிவிடும். அதற்காக, 'அந்த ஊசியே வேண்டாம்' என்று சொல்லிவிடாதீர்கள். அவை உயிர் காக்கும் மருந்துகள்!

குறைந்தால் என்ன ஆகும்?

கை, கால் இழுத்துக்கொள்ளும். வலிப்பு வரலாம். இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். கூடவே இன்னொரு சங்கடம். மெக்னீசியம் குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்காது. கால்சியத்தைக் கட்டிக்காக்கும் பாராதைராய்டு ஹார்மோனும் மந்தமாகிவிடும். அப்புறம் கால்சியமும் பொட்டாசியமும் எவ்வளவு ஏற்றினாலும் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான். முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும்!

ரத்தப் பரிசோதனையில் தெரியாதா?

தெரியும், ஆனால் முழுசாகத் தெரியாது. மெக்னீசியத்தில் சுமார் 99 சதவிகிதம் எலும்பு, தசை, செல்களுக்குள்தான் இருக்கிறது. ரத்தத்தில் அளவு சரியாக இருந்தும் உள்ளே காலியாக இருக்கலாம். கடுமையான சத்துக்குறைவுள்ள குழந்தைகளுக்குப் பொட்டாசியத்தோடு மெக்னீசியமும் சேர்த்துக் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்.

ஐ.சி.யூ. குழந்தைகளிடம் இந்தக் குறைபாடு சகஜம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. குறைபாடு உள்ளவர்கள் அதிக நாள் சிகிச்சையில் இருந்ததையும், அவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்ததையும் சில ஆய்வுகள் கண்டன. ஆனால் 'மெக்னீசியம் ஏற்றினால் பிழைத்துவிடும்' என்று அர்த்தமில்லை. நோய் முற்றியதன் அடையாளமாகவும் அது குறைந்திருக்கலாம்.

சிகிச்சை என்ன?

மெக்னீசியம் சல்ஃபேட்டை நரம்பு வழியே மெதுவாக ஏற்றுவார்கள். வேகமாகப் போனால் ரத்த அழுத்தம் சரியும், மூச்சும் மந்தமாகலாம். அதனால் மானிட்டரில் கண் வைத்திருப்பார்கள். சிறுநீரகம் பழுதான குழந்தைக்கு இன்னும் ஜாக்கிரதை!

பெற்றோர் செய்ய வேண்டியது

* பேதி எத்தனை நாள், சாப்பாடு நின்று எத்தனை நாள் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளைக் கொண்டு போங்கள்.

* வலிப்பு நிற்கவில்லை, கால்சியமோ பொட்டாசியமோ ஏறவில்லை என்றால், 'மெக்னீசியம் பார்த்தாச்சா டாக்டர்?' என்று கேளுங்கள். தப்பே இல்லை.

* பேதியின்போது ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். 'வயிறு காயட்டும்' என்று பட்டினி போடாதீர்கள்.

* நீங்களாக மெக்னீசியம் டானிக், மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் அதுவே பேதியைக் கிளப்பும்.

கேழ்வரகு, கம்பு, கீரை, பயறு... மெக்னீசியம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. குழந்தை நன்றாக இருக்கும்போதே தட்டில் வையுங்கள்!