‘ரெண்டு உயிருக்குச் சாப்பிடு’: கர்ப்பகால எடையும் மனசும்

செவ்வாய்க்கிழமை காலை. ராசிபுரம், ஆத்தூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் வரிசையாகத் தராசில் ஏறி இறங்குவார்கள். எடை அட்டையில் பதிவாகும். “நல்லாச் சாப்பிடும்மா” என்றோ, “சோத்தைக் குறைச்சுக்கம்மா” என்றோ ஒரு வார்த்தை. அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். ராத்திரி தூங்கினாயா, வீட்டில் மனத்தாங்கல் ஏதும் உண்டா என்று கேட்கக் கூட்டம் விடாது. எடை ஏன் தாறுமாறாக ஏறியது, ஏன் ஏறவே இல்லை என்பதற்குப் பல நேரம் விடை அங்கேதான் கிடைக்கும்.

எவ்வளவு ஏறலாம்?

சராசரி உடல்வாகு உள்ளவருக்கு 9 முதல் 11 கிலோ என்பது நம் அரசு மருத்துவமனைகளில் சொல்லும் கணக்கு. அமெரிக்க நிபுணர் குழு 2009இல் வகுத்த அளவுப்படி, மெலிந்தவர் 12.5 முதல் 18 கிலோ வரையும், உடல்பருமன் உள்ளவர் 5 முதல் 9 கிலோ வரையும் கூடலாம். எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம்.

இரண்டு பயங்கள்

“வாயும் வயிறுமா இருக்கிற புள்ள, ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்” என்று தட்டில் அள்ளி வைப்பது பாசம்தான். ஆனால் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு நாளைக்குச் சுமார் 350 கலோரி. ஒரு டம்ளர் பால், ஒரு நாமக்கல் முட்டை, இரண்டு இட்லி, கிட்டத்தட்ட அவ்வளவே. வேண்டாம் என்றால் மாமியார் மனம் நோகுமே என்று வயிறு நிறைந்த பிறகும் சாப்பிடும் பெண்கள் நிறைய.

இதற்கு நேரெதிராக, “புள்ள பெருசாயிட்டா சுகப்பிரசவம் ஆகாது, கத்தி வெச்சிருவாங்க” என்ற பயம். அதனால் கடைசி மூன்று மாதம் பாதி வயிற்றோடு எழுந்துவிடுகிறார்கள். குழந்தை எடை குறைந்து பிறக்க இதுவும் ஒரு காரணம்.

தறிச் சத்தமும் தூக்கமும்

குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதியில் தறியோடு ஒட்டிய வீடுகள் அதிகம். ராத்திரி ஷிஃப்ட் ஓடும்போது தூக்கம் துண்டு துண்டாகிறது. தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடும். போதும் என்று சொல்லும் லெப்டின் குறையும். ஓயாத கவலையில் கார்டிசால் சுரப்பு ஏறி, நாக்கு இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் தேடும். சாயங்காலம் தட்டுவடை செட்டைக் கை தேடுவதை நாக்கு ருசி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அப்படிச் சாப்பிடுகிறவரைத் திட்டினால், மறைத்துச் சாப்பிடுவாரே தவிர குறைக்க மாட்டார்.

மூன்றாவதும் பெண்ணா?

இந்த வட்டாரத்தைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில்தான் தொடங்கியது. காலம் மாறியிருக்கிறது. ஆனாலும் முதல் இரண்டும் பெண்ணாகப் பிறந்த வீட்டில் மூன்றாவது முறை முழுகாமல் இருப்பவளின் கலக்கம் இன்னும் தீரவில்லை. அந்தக் கலக்கத்தில் ஒருத்திக்குச் சோறு இறங்காது. இன்னொருத்தி பொழுதன்னிக்கும் எதையாவது கொறிப்பாள். குழந்தையின் பாலினத்தைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணு என்பதைக் கணவனிடமும் மாமியாரிடமும் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். ஸ்கேனில் பாலினம் பார்த்துச் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

மனசுதான் காரணமா?

எல்லாவற்றையும் மனசின் மேல் போட்டுவிடவும் கூடாது. தைராய்டு, சர்க்கரை இரண்டையும் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். ஒரே வாரத்தில் எடை மளமளவென்று ஏறி, முகமும் கையும் வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் அது ரத்த அழுத்தக் கோளாறாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

எடின்பரோவில் 1987இல் உருவான, மனச்சோர்வை அறியும் பத்துக் கேள்விகள் தமிழிலும் உண்டு. கர்ப்ப காலத்திலும் பயன்படும். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையோ வெறுப்போ நீடித்தால், அடுத்த முறை எடை பார்க்கும்போது கிராம சுகாதார செவிலியரிடம் அதையும் சொல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் அதுவரை காத்திருக்காமல் உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள். நள்ளிரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.