உடும்பு எதிரே வந்தால் உடல் என்ன செய்யும்?

மாணவர்களே, பள்ளி முடிந்து வீடு திரும்புகிறீர்கள். வீட்டின் பின்புறக் கால்வாய் ஓரத்தில் பெரிய உடும்பு ஒன்று வெயில் காய்கிறது. நீங்கள் அதைப் பார்க்கிறீர்கள். அதுவும் உங்களைப் பார்க்கிறது. கத்துவீர்களா? கல்லை எடுப்பீர்களா? அல்லது அசையாமல் நிற்பீர்களா?

லோபாக் வட்டாரத்தில் இது அதிசயமான காட்சி அல்ல. லிங்கி ஆறு சிரம்பான் நகரின் ஊடே ஓடுகிறது. ஆறும் கால்வாய்களும் உடும்புக்குப் பாதைகள். மீன், நண்டு, எலி, இறந்துபோன பிராணிகள் எல்லாமே அதற்கு உணவு. செம்பனைத் தோட்டங்களில் எலிகள் அதிகம். எலியைத் தேடிப் பாம்பும் வரும். எனவே இந்தச் சந்திப்புகள் நடக்கத்தான் செய்யும். அப்போது நமக்கு உதவுவது அமைதி. அந்த அமைதிக்குப் பின்னால் ஓர் அறிவியல் உண்டு.

இரண்டு உடல்கள், ஒரே பதற்றம்

ஆபத்து என்று தோன்றியவுடன் மூளையிலுள்ள அமிக்டலா என்னும் பகுதி எச்சரிக்கை விடுக்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, கண்பாவை விரிகிறது, கல்லீரல் இரத்தத்தில் குளுக்கோஸைச் சேர்க்கிறது. இதைத்தான் அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'எதிர்த்து நில் அல்லது தப்பி ஓடு' என்று விளக்கினார்.

உடும்பின் உடலிலும் அட்ரினலின் சுரக்கிறது. அதாவது, நீங்கள் அதைக் கண்டு அஞ்சும் அதே நேரத்தில் அதுவும் உங்களைக் கண்டு அஞ்சுகிறது. நீங்கள் கத்தினால் அதன் அச்சம் கூடும். அது சீறினால் உங்கள் அச்சம் கூடும். இந்தச் சுழற்சியை நிறுத்தக்கூடியவர் நீங்கள்தான்.

தூரம் பேசும் மொழி

சுவிட்சர்லாந்து விலங்கியல் அறிஞர் ஹைனி ஹெடிகர் விலங்குகளின் நடத்தையில் இரண்டு தூரங்களைக் கவனித்தார். முதலாவது, தப்பியோடும் தூரம். அந்த எல்லைக்குள் நாம் நுழைந்தால் விலங்கு விலகி ஓடும். இரண்டாவது, நெருக்கடித் தூரம். ஓட வழியில்லாத நிலையில் நாம் அதையும் தாண்டி நெருங்கினால் விலங்கு தாக்கும். உடும்பு வாலால் அடிப்பதும் கடிப்பதும் பெரும்பாலும் இப்படி மடக்கப்படும்போதுதான். கோலெடுத்து அதைச் சுவர் மூலைக்கு விரட்டுவது வீரம் அல்ல; தப்பும் வழியை அடைப்பதுதான்.

எனவே, நில்லுங்கள். மெதுவாகப் பின்வாங்குங்கள். அது போவதற்கு வழி விடுங்கள்.

எல்லா விலங்குகளிடமும் ஒரே முறை பொருந்தாது. குரங்கு என்றால் அதன் கண்களை உற்றுப் பார்க்காதீர்கள். அது சவாலாக எடுத்துக்கொள்ளும். கையில் உணவுப் பையும் தெரியக் கூடாது. நாகம் என்றால் உடனே தூரமாக விலகுங்கள். நம் நாட்டில் நஞ்சைக் கண்ணை நோக்கிப் பீய்ச்சும் நாகமும் உண்டு. நஞ்சு கண்ணில் பட்டால் கசக்காமல் நிறையத் தண்ணீரால் கழுவி, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ முயலும்போது பலர் கடிபடுகிறார்கள். அது வீட்டுக்குள் நுழைந்தால் பெரியவர்களிடம் சொல்லி, 999 வழியாகத் தீயணைப்பு மீட்புத் துறையை அழைக்கச் சொல்லுங்கள்.

மூச்சு என்னும் பிரேக்

அட்ரினலின் ஆக்சிலேட்டர் என்றால், வேகஸ் நரம்பு பிரேக். மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் இந்த நரம்பு, நாம் மூச்சை வெளிவிடும்போது இதயத் துடிப்பைத் தணிக்கிறது. அதனால்தான் நீண்ட வெளிமூச்சு பதற்றத்தைக் குறைக்கிறது.

பாதுகாப்பான தூரத்துக்கு வந்தபின் கவனியுங்கள். உடும்பின் பிளவுபட்ட நாக்கு வெளியே வந்து உள்ளே போகும். அது காற்றிலுள்ள மணத்துகள்களைச் சேகரித்து, மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டுசெல்கிறது. நாக்கு எத்தனை முறை நீள்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எண்ணத் தொடங்கினால் பயம் பின்னுக்குப் போய், ஆர்வம் முன்னுக்கு வரும்.

செய்து பாருங்கள்

1. மணிக்கட்டில் நாடியை 30 வினாடிகள் எண்ணி, 2ஆல் பெருக்குங்கள்.
2. ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடிவிட்டு மீண்டும் எண்ணுங்கள்.
3. நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை வெளிவிடுங்கள். பத்து முறை செய்தபின் எண்ணுங்கள்.
4. மறுநாள் அதே ஓட்டத்துக்குப் பிறகு, அதே அளவு நேரம் வழக்கம்போல் மூச்சுவிட்டு அமர்ந்திருந்து எண்ணுங்கள். எந்த நாளில் நாடி அதிகம் தணிந்தது?

முடிவுகளை அட்டவணையாக எழுதி வகுப்பில் ஒப்பிடுங்கள். இன்று பழகிய மூச்சு, கால்வாய் ஓரத்தில் தேவைப்படும் நாளில் தானாகவே வரும்.