அதிர்ஷ்டம் வரும்போது கேமரா தயாரா?

வெளிப்புறங்களில் படம் எடுப்பவர் ஓர் அருமையான படத்தைக் காட்டினால், "உங்களுக்கு நல்ல அதிர்ஷ்டம்" என்று சொல்பவர்களே அதிகம். அவர் பட்ட பாடு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அப்படியானால் அதிர்ஷ்டத்துக்கு இதில் பங்கே இல்லையா? நிச்சயம் உண்டு. ஸ்டூடியோவில் விளக்கை நகர்த்தி வைக்கலாம். வெட்டவெளியில் சூரியனை நகர்த்த முடியாது. மேகமும் யார் சொல்லையும் கேட்பதில்லை.

அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்பதற்கு, உலகப் புகழ்பெற்ற ஒரு படமே நல்ல சான்று. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், 1941ஆம் ஆண்டு நியூ மெக்சிகோ மாநிலத்தில் எடுத்த 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்' என்ற கறுப்பு வெள்ளைப் படம் அது. அப்போது அவருக்கு வயது 39.

அன்று பகலெல்லாம் அலைந்தும் மனத்துக்குப் பிடித்த படம் அமையவில்லை. மாலையில் சாண்டா ஃபே நகருக்குக் காரில் திரும்பும்போது, சாலையோரச் சிற்றூர் ஒன்று கண்ணில் பட்டது. கிழக்கே நிலா எழுந்திருந்தது. தொலைவில் பனி மலைகள். மறையப்போகும் சூரியனின் வெளிச்சத்தில் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள் வெள்ளை வெளேரென்று மின்னின.

காரை நிறுத்தி, பெரிய கேமராவை அவசரமாகப் பொருத்தினார். வெளிச்சத்தை அளக்கும் கருவியைத் தேடினால், அது அகப்படவில்லை! தேடிக்கொண்டிருந்தால் வெளிச்சம் போய்விடும். ஆனால் நிலாவின் ஒளி அளவு, ஒரு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்து மனக்கணக்குப் போட்டு, ஒரு விநாடி நேரம் ஒளியை உள்ளே விட்டு ஒரு படம் எடுத்தார். பிலிம் சட்டத்தைத் திருப்பிச் செருகி இன்னொன்று எடுப்பதற்குள், சிலுவைகள் மேல் இருந்த வெயில் போய்விட்டது. கிடைத்தது ஒன்றே ஒன்று.

அந்த நேரத்தில் அந்தச் சாலையில் வந்தது அதிர்ஷ்டம். நிலாவின் ஒளி அளவு நினைவில் இருந்தது, பல ஆண்டுப் பயிற்சி. வேலை அத்தோடு முடிந்துவிடவில்லை. 1948இல் அந்த நெகட்டிவின் கீழ்ப்பகுதியை ரசாயன முறையில் மேலும் தெளிவாக்கினார். பிற்காலப் பிரதிகளில் வானத்தை மேலும் கறுப்பாக்கினார். அதற்குப் பொறுமை வேண்டியிருந்தது.

படம் எடுத்த தேதியை அவர் குறித்து வைக்கவில்லை. நிலா நின்ற இடத்தைக் கொண்டு கணக்கிட்ட டென்னிஸ் டி சிக்கோ என்ற வானியல் இதழாசிரியர், அது நவம்பர் 1, மாலை 4.49 மணி என்று 1991இல் அறிவித்தார். அதாவது, நிலா எங்கே எழும் என்பது கணக்கில் அடங்கும். இன்று கைப்பேசிச் செயலிகளே அதைச் சொல்லிவிடுகின்றன. ஆனால் மேகம் விலகுமா, வெயில் சிலுவைமேல் விழுமா என்பதை எந்தச் செயலியும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றார்கள் நம் பெரியோர். காற்று வருவது நம் கையில் இல்லை. ஆனால் கதிரை அடித்து, முறத்தோடு களத்தில் நிற்பவருக்குத்தான் அது பயன்படும். வீட்டில் படுத்திருப்பவருக்கு, அடித்த காற்று வெறும் காற்றுதான்.