பிரீமேசன் மன்றக் கூட்டம்

பிரீமேசன் மன்றக் கூட்டம் என்பது, பிரீமேசன் எனப்படும் சகோதரத்துவ அமைப்பின் உறுப்பினர்கள் குறித்த நாட்களில் ஒன்றுகூடி நடத்தும் நிகழ்வு ஆகும். சடங்கு, அலுவல், விருந்து ஆகிய மூன்றும் இதில் அடங்கும். இவ்வமைப்பின் அடிப்படை அலகு லாட்ஜ் எனப்படுகின்றது. தமிழில் இச்சொல் தங்கும் விடுதியையும் குறிப்பதால், இக்கட்டுரையில் மன்றம் என்ற சொல் ஆளப்படுகின்றது.

வரலாறு

1739 இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்காலுக்கு வடக்கே டேனியரின் தரங்கம்பாடியும், தெற்கே ஆங்கிலேயர் 1781 இல் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய நாகப்பட்டினமும் இருந்தன. ஐரோப்பியர் குடியேறிய இக்கடற்கரைப் பகுதிகளுக்கு அவர்களுடன் பிரீமேசன் மரபும் வந்தது. 18 ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியில் பிரெஞ்சு மன்றங்களும், சென்னையில் ஆங்கில மன்றங்களும் தோன்றின. ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1770களில் திருச்சிராப்பள்ளியில் உறுப்பினராக்கப்பட்டார்.

ஆனால் இந்தியர் அனைவருக்கும் கதவு எளிதில் திறக்கவில்லை. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத்தர், இந்துக்களைச் சேர்ப்பதற்கு எழுந்த நீண்ட எதிர்ப்பைக் கடந்து, 1872 இல் தான் சேர்க்கப்பட்டார். 1877 இல் பிரான்சின் கிராண்ட் ஓரியண்ட் கடவுள் நம்பிக்கை கட்டாயம் என்னும் விதியை நீக்கியதால், ஆங்கில, பிரெஞ்சு மரபுகள் பிரிந்தன. 1961 நவம்பர் 24 அன்று இந்தியப் பெரு மன்றம் நிறுவப்பட்டது.

கூட்டத்தின் அமைப்பு

மன்றத் தலைவர் கூட்டத்தைச் சடங்குடன் தொடக்கி வைப்பார். இந்திய மன்றங்களில் பகவத் கீதை, குர்ஆன், விவிலியம் போன்ற பல சமய நூல்கள் வைக்கப்படுகின்றன. புதிய உறுப்பினர் தம் சமய நூலின் மீது உறுதிமொழி எடுப்பார். பின்னர் குறிப்பேடு, கணக்கு, அறப்பணி ஆகியவை ஆராயப்படும். இறுதியில் விருந்து நடைபெறும். சமய, அரசியல் விவாதங்களுக்கு மன்றத்தில் இடமில்லை. இவ்விதி 1723 இல் வெளியான ஆண்டர்சனின் விதிநூலிலேயே காணப்படுகின்றது.

தரம் குன்றுதல்

சடங்கு மனப்பாடமாக இல்லாமல் தாளைப் பார்த்துப் படிக்கப்படும்போது அதன் பொருள் மங்குகின்றது. குறிப்பேடும் கணக்கும் பெரும்பகுதி நேரத்தை எடுத்துக்கொண்டால், புதியவர் கற்பதற்கு ஏதும் இருப்பதில்லை. விருந்தில் பழகியவர்கள் மட்டும் தனிக்குழுவாக அமர்ந்தால், சமத்துவம் சொல்லளவில் நின்றுவிடுகின்றது. சேர்ந்து உண்பதற்கே சாதி தடையாக இருந்த சமூகத்தில் பொதுப் பந்தி என்பது சிறிய செயலன்று.

மேம்படுத்தும் வழிமுறைகள்

* ஆண்டு நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே வகுத்தல்.
* குறிப்பேட்டை முன்னரே அனுப்பி, அலுவல் நேரத்தைக் குறைத்தல்.
* தனிப் பயிற்சிக் கூட்டங்களில் சடங்கை ஒத்திகை பார்த்தல்.
* ஒவ்வொரு கூட்டத்திலும் சிறு உரை ஒன்றும் கேள்வி நேரமும் அமைத்தல். 1772 இல் விளக்க நூல் வெளியிட்ட வில்லியம் பிரெஸ்டன், மன்றங்களில் பாடமுறை உரைகளைச் சீர்படுத்தினார். இலண்டனின் குவாட்டர் கொரோனாட்டி மன்றம் ஆய்வுரைகளுக்கென்றே அமைக்கப்பட்டதாகும்.
* புதியவருக்கு அனுபவமுள்ள வழிகாட்டி ஒருவரை அமர்த்தி, விருந்தில் மூத்தோருடன் அவரை அமரச் செய்தல்.
* மரக்கறி உண்போர், மது அருந்தாதோர் ஆகியோரும் தயக்கமின்றிக் கலந்துகொள்ளுமாறு விருந்தை அமைத்தல்.
* வராத உறுப்பினர்களின் நலம் விசாரித்தல். நோயுற்றோரையும் மறைந்தோர் குடும்பத்தாரையும் நேரில் காணுதல்.

இவற்றுள் இறுதி வழிக்குப் பணமோ மண்டபமோ தேவையில்லை. எனினும் மன்றத்தின் சகோதரத்துவம் கூட்டத்திற்கு வெளியேயும் நிலைக்கின்றதா என்பதை அதுவே காட்டுகின்றது.