கிடாரத்து ஈயமும் கண்ணுக்குத் தெரியாத ஒளியும்

கந்தூரிக் கிடாரத்தின் உட்புறம் ஈயம் பூசுவதைப் பெற்றோர் பலர் பார்த்திருப்பார்கள். ஈயம் என்று சொன்னாலும் பூசப்படுவது வெள்ளீயம். (நமது தோட்ட லயங்களின் கூரைத் தகரம் வேறு, அது நாகம் பூசிய இரும்பு.) அதே வெள்ளீயத்தில் இருந்துதான், புதிய கையடக்கத் தொலைபேசிகளின் சில்லுகளில் மிக நுண்ணிய கோடுகளை வரையும் ஒளி கிடைக்கிறது. 2019 அளவில் இருந்து தொழிற்சாலைகள் இதைப் பயன்படுத்துகின்றன.

அந்த ஒளியின் அலைநீளம் 13.5 நனோமீற்றர். ஊதா ஒளியினுடையதில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மென் எக்ஸ் கதிர்களின் வாசல் என்று சொல்லலாம். கண்ணாடி வில்லைகள் இதை விழுங்கிவிடும். மொலிப்தினமும் சிலிக்கனும் மாறி மாறி அடுக்கிய ஆடிகளே இதைச் சுமார் 70% தெறிக்கச் செய்கின்றன. அதனால்தான் இந்த அலைநீளத்தைத் தெரிந்தெடுத்தார்கள்.

உயர்தர வகுப்பில் இதை விளக்கும்போது மாணவிகள் என்னிடம் கேட்பது: “லேசர் வலுவாக இருந்தால் போதாதா டீச்சர்? எந்தப் பொருளில் அடித்தால் என்ன?”

போதாது. லேசர் பட்ட பொருள் சில இலட்சம் பாகை வெப்பத்தில் பிளாஸ்மாவாகிறது. அணுக்கள் பல இலத்திரன்களை இழக்கின்றன. எந்த அலைநீளத்தில் ஒளி வரும் என்பதை அந்த அயன்களே தீர்மானிக்கின்றன. முதலில் செனன் வாயுவை முயன்றார்கள். சுத்தமானது, எதிலும் படியாது. ஆனால் அதில் 10 இலத்திரன்களை இழந்த அயன் மட்டுமே 13.5 இல் ஒளிர்கிறது. பெரும்பகுதி ஒளி 11 நனோமீற்றர் பக்கம் போய்விடுகிறது. வெள்ளீயத்திலோ 8 முதல் 14 வரை இலத்திரன்களை இழந்த அயன்கள் அத்தனையும் 13.5 ஐச் சுற்றியே ஒளிர்கின்றன. எனக்கு இது இயற்கையின் பெரிய வியப்பாகத் தோன்றுகிறது.

232 பாகை செல்சியசில் உருகிய வெள்ளீயம், வெற்றிடத்துக்குள் செக்கனுக்குச் சுமார் 50,000 துளிகளாகப் பாய்கிறது. ஒவ்வொரு துளியும் தலைமயிரை விடச் சிறியது. முதல் லேசர் அடி துளியை அப்பம் போலத் தட்டையாக்கும். அடுத்த பலத்த அடி பிளாஸ்மாவாக்கும்.

ஆனால் கிடாரத்தில் ஒட்டுவது போலவே வெள்ளீயம் ஆடியிலும் ஒட்டுகிறது. ஒட்டினால் விலையுயர்ந்த ஆடி குருடாகும். ஆகவே உள்ளே ஐதரசனைச் செலுத்துகிறார்கள். அது வெள்ளீயத்துடன் சேர்ந்து வாயுவாக, அதை வெளியே இழுத்துவிடுகிறார்கள்.

நீருக்குள் இருக்கும் உயிர்க்கலத்தைப் பார்க்க இந்த ஒளி உதவாது. அதற்கு நீர் ஊடுபுகவிடும், காபன் உறிஞ்சும் 2.3 முதல் 4.4 நனோமீற்றர் வரையான கதிர் வேண்டும். சுவீடனின் ஸ்டொக்ஹோமில் அதற்குத் திரவ நைதரசன் தாரையில் லேசரைப் பாய்ச்சி 2.48 நனோமீற்றர் கதிரைப் பெறுகிறார்கள். மிஞ்சுவது நைதரசன் வாயுதான். அது ஆடியில் படிவதில்லை.