ஏற்றத்தில் இதயம், இறக்கத்தில் தொடை

பயிற்சி உடலைக் களைக்க வைக்கிறது. பலப்படுத்துவது அதன்பின் வரும் ஓய்வு. பொன்முடி மலைப்பாதை கற்றுத்தரும் பாடம் இது.

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. கல்லாறைத் தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள். மேலே 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி. காரில் வருபவர்களுக்கு இது பனிமூட்டமும் தேயிலைத் தோட்டமும்தான். 2023 அக்டோபரில் ஆசிய மலை சைக்கிள் சாம்பியன்ஷிப்புக்கு வந்த வீரர்களுக்கோ நெஞ்சுக்கும் காலுக்கும் ஒரே நேரத்தில் வைக்கப்பட்ட பரீட்சை. பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பு வேறு அதில் அடங்கியிருந்தது.

ஏற்றத்தில் முதலில் திணறுவது இதயம். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கும் இந்த பம்ப், கடும் உழைப்பில் 20 லிட்டர் வரை இறைக்கும். தேர்ந்த வீரர்களுக்கு அது 30 லிட்டரையும் தாண்டும். அவர்கள் இதயம் நம்முடையதைவிட வேகமாகத் துடிப்பதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது. அதனால்தான் ஓய்வில் அவர்கள் நாடித்துடிப்பு 50க்கும் கீழே இறங்கிவிடுகிறது.

இந்த மாற்றம் ஒரே நாளில் வருவதல்ல. முதல் இரண்டு வாரங்களில் ரத்தத்தின் திரவப் பகுதி கூடுகிறது. அடுத்தடுத்த வாரங்களில் தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்களும், சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. தசைநாண்கள் மட்டும் ஆமை வேகம். உற்சாகத்தில் தூரத்தைத் திடீரெனக் கூட்டுபவர்கள் முழங்கால் வலியோடு வந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடந்து ஏறியவர்களுக்கு, இறங்குவது சுலபம் என்று தோன்றும். தொடையைக் கேட்டால் தெரியும். இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. அந்த இழுபறியில் நார்களில் நுண்ணிய சேதங்கள் ஏற்படுகின்றன. வலி உச்சத்துக்கு வருவது ஓரிரு நாள் கழித்து. பழி காலங்காலமாக லாக்டிக் அமிலத்தின் மேல். ஆனால் உழைப்பின்போது ரத்தத்தில் சேரும் லாக்டேட், ஓரிரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு இறங்கிவிடும். அதை இதயமே எரிபொருளாகவும் பயன்படுத்திக்கொள்கிறது. சேதத்தைச் செப்பனிடும் உடல், அடுத்த இறக்கத்துக்குத் தசையைத் தயாராக்கியும் வைக்கிறது. இரண்டாவது முறை வலி குறைவதன் ரகசியம் இதுதான்.

மலைக்காற்றே ரத்தத்தை விருத்தி செய்யும் என்ற நம்பிக்கையும் உண்டு. அதில் பாதி உண்மை. 1968இல் 2,240 மீட்டர் உயர மெக்ஸிகோ நகரில் ஒலிம்பிக் நடந்தபிறகு உயரப் பயிற்சி உலகெங்கும் பிரபலமானது. ஏறத்தாழ நம் ஊட்டியின் உயரம் அது. அங்கே வாரக்கணக்கில் தங்கினால், ஆக்ஸிஜன் பற்றாக்குறையை ஈடுகட்ட உடல் சிவப்பணுக்களைக் கூட்டும். பொன்முடிக்கு அந்த உயரம் போதாது. அதன் சொத்து செங்குத்துப் பாதைதான்.

வீரர்களுக்கு மட்டுமா இந்தக் கணக்கு? உழைக்கும் தசை, இன்சுலினின் தயவு அதிகமில்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். நீரிழிவு பெருகிவரும் நாட்டில் இது சாதாரண விஷயமல்ல. வாரத்துக்கு 150 நிமிட வேக நடை போன்ற உழைப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், கடும் பயிற்சியில் இறங்குமுன் டாக்டரைப் பார்ப்பது நல்லது. நடுவில் நெஞ்சு இறுகினால் வீறாப்பு வேண்டாம். உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று: உடல் சேமித்ததைப் பூட்டி வைப்பதில்லை. இரண்டு மூன்று வாரம் சும்மா இருந்தாலே சம்பாதித்ததில் ஒரு பங்கு கரையத் தொடங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையேற்றத்தைவிட, தினமும் தெருமுனை வரை வேகமாக நடப்பதே மேல்.